இணையவழிப் பண ஆட்டமும் உழைப்பாளர் குடும்ப வருவாயும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். கல்லாற்றைக் கடந்ததும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்திற்குச் செல்கிறது. வழியெங்கும் தேயிலைத் தோட்டங்களும் அவற்றை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகளும் உள்ளன. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டிகள் இங்குதான் நடைபெற்றன. பல நாட்டு வீரர்கள் தேயிலைச் சரிவுகளின் ஊடே அமைக்கப்பட்ட தடத்தில் சைக்கிள் ஓட்டியதைக் காண மக்கள் திரண்டு வந்தனர்.

பார்வையாளர் எவரும் இல்லாத வேறொரு விளையாட்டு கடந்த பத்தாண்டுகளில் இந்நாட்டின் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடின்றிப் பரவியுள்ளது. அதற்கு மைதானம் வேண்டாம், நடுவர் வேண்டாம், உடன் ஆட ஆளும் நேரில் வேண்டாம். கையில் ஒரு கைபேசி இருந்தால் போதும். இந்த இணையவழி விளையாட்டில் எந்தப் பகுதி பொழுதுபோக்கு, எந்தப் பகுதி குடும்ப வருவாயின் கசிவு என்பதைப் பிரித்தறிவது பொருளாதார மாணவர்க்கும் நிர்வாகத் துறையினர்க்கும் இன்று இன்றியமையாததாகி விட்டது. கேரளமும் தமிழ்நாடும் இப்பிரச்சினையை எதிர்கொண்ட வரலாறு இதற்கு நல்ல பாடமாக அமைந்துள்ளது.

பரவியதற்கான காரணங்கள்

2016 ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்பம். அவ்வாண்டில்தான் யு.பி.ஐ. எனப்படும் உடனடிப் பணப் பரிமாற்ற முறை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறையில் ஏற்பட்ட கடும் போட்டியால் இணையத் தரவின் விலை சரியத் தொடங்கியது. முன்னது கைபேசியைப் பணப்பையாக்கியது. பின்னது அதைத் திரையரங்காக்கியது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல வளர்ச்சிகளே. இரண்டும் ஒரே கருவியில் கூடியபோது, ஆட்டத்திற்கும் வங்கிக் கணக்கிற்கும் இடையே இருந்த தூரம் ஒரு விரல் தொடுதலாகச் சுருங்கியது.

2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு இப்போக்கை விரைவுபடுத்தியது. பள்ளிப் பாடங்கள் இணையத்திற்கு மாறவே, கடன் வாங்கியேனும் பிள்ளைக்கு ஒரு கைபேசி வாங்கித் தர வேண்டிய நிலை ஏழைக் குடும்பங்களுக்கு ஏற்பட்டது. பகலில் பிள்ளையின் வகுப்பறையாக இருந்த கருவி இரவில் வீட்டின் பெரியவர்க்குச் சீட்டாட்ட மேசையாக மாறக் கூடியதாயிற்று.

எனினும், இணையவழி விளையாட்டு அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது தவறு. 2025 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இவற்றை மூவகையாகப் பிரிக்கிறது. முதலாவது, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்வழிப் போட்டி. இதற்கு 2022 டிசம்பரில் மத்திய அரசு விளையாட்டுத் துறையின்கீழ் ஏற்பளித்தது. 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இதற்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. இரண்டாவது, பந்தயமின்றிப் பொழுதுபோக்கிற்காகவும் கற்பதற்காகவும் ஆடப்படுபவை. மூன்றாவது, பணம் கட்டி, பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடப்படுபவை. முதல் இருவகை விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலில் ஓவியர், இசையமைப்பாளர், நிரல் எழுதுவோர் எனப் பலருக்கு வேலை வாய்ப்பு உண்டு. கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில் பிள்ளைகள் நிரல் எழுதவும் அசைபடம் அமைக்கவும் கற்கின்றனர். இக்கட்டுரையின் கவலை மூன்றாம் வகையைப் பற்றியதே.

ஓர் ஊராட்சியின் அனுபவம்

பொன்முடி அமைந்துள்ள அதே நெடுமங்காடு வட்டத்தில் உள்ளது புல்லம்பாறை ஊராட்சி. வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்கள் தங்கள் கூலி கணக்கில் வந்துவிட்டதா என்று அறிவதற்காகவே வேலையை விட்டு வங்கி வாசலில் காத்திருந்ததை ஊராட்சியினர் கண்டனர். கைபேசியிலேயே அதை அறிந்துகொள்ளக் கற்பித்தால் ஒரு நாள் கூலி மிச்சமாகுமே என்ற எளிய எண்ணத்திலிருந்து 2021 இல் டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. கைபேசிப் பயன்பாடு அறியாதோர் என ஏறத்தாழ 3,900 பேர் கண்டறியப்பட்டு, அவர்களில் சுமார் 3,300 பேர் பயிற்சியில் தேறினர். 2022 செப்டம்பரில் மாநிலத்தின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு ஊராட்சியாகப் புல்லம்பாறை அறிவிக்கப்பட்டது.

அதே முறை பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 83 லட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்களில் கணக்கெடுப்பு நடத்தி, ஏறத்தாழ 21.88 லட்சம் பேருக்குப் பயிற்சி தேவை எனக் கண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பயிற்சி முடித்தனர். 2025 ஆகஸ்ட் 21 ஆம் நாள் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகத் திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டது.

அதே நாளில்தான் புதுதில்லியில் மாநிலங்களவை இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதாவை நிறைவேற்றியது. இரு நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும், ஒன்றையொன்று நோக்கிச் சிந்திக்க வேண்டியவை அவை. கூலி வந்ததா என்று பார்க்கவும், பணம் அனுப்பவும், காணொளி காணவும், அரசுச் சேவை பெறவும் உழைப்பாளர் கற்றுக்கொண்டனர். வந்த கூலி அதே கருவி வழியாக எப்படி வெளியேறக் கூடும் என்ற கணக்கை எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

ஆட்டத்தின் கணக்கு

அந்தக் கணக்கு கடினமானதன்று. ஐந்தாம் வகுப்பு மாணவரும் போடக் கூடியதே. பண ஆட்டம் நடத்தும் நிறுவனம் தானே ஆடுவதில்லை. ஆடுவோர் வைக்கும் பந்தயத் தொகையிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கைத் தன் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. இப்பங்கு நிறுவனத்திற்கு நிறுவனம், ஆட்டத்திற்கு ஆட்டம் வேறுபடும். விளக்கத்தின் பொருட்டு அதனை 10 சதவிகிதம் என்று கொள்ளலாம்.

ஆறு தொழிலாளர் ஆளுக்கு 500 ரூபாயுடன் ரம்மி ஆட அமர்வதாகக் கொண்டால், மேசையிலுள்ள மொத்தத் தொகை 3,000 ரூபாய். இத்தொகை முழுவதும் ஒருமுறை பந்தயத்தில் சுழன்று வந்தால் நிறுவனத்திற்கு 300 ரூபாய். ஆறு பேருக்கும் சேர்த்து எஞ்சுவது 2,700 ரூபாய். இரண்டாம் முறை சுழன்றால் 2,430. மூன்றாம் முறை 2,187. ஐந்தாம் முறை 1,771. பத்தாம் முறை முடிவில் 1,046 ரூபாய் மட்டுமே மிஞ்சும். மீதி 1,954 ரூபாய் நிறுவனத்தைச் சேர்ந்திருக்கும். கேரளத்தில் 2025-26 ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வேலை உறுதித் திட்டக் கூலி நாளொன்றுக்கு 369 ரூபாய். எனவே நிறுவனத்தை அடைந்த தொகை ஐந்து நாள் கூலிக்கும் அதிகம். கைபேசியில் ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், பத்துமுறை சுழல்வதற்கு ஓர் இரவே போதும்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. ஆறு பேரில் ஒருவர் மிகவும் திறமைசாலியாக இருந்தாலும் இக்கணக்கில் ஒரு ரூபாயும் மாறுவதில்லை. எஞ்சிய 1,046 ரூபாய் யார் பையில் சேரும் என்பதை மட்டுமே திறமை தீர்மானிக்கிறது. எவ்வளவு எஞ்சும் என்பதைக் கட்டணமே தீர்மானிக்கிறது. வென்றவரின் மகிழ்ச்சி விளம்பரத்தில் இடம்பெறும். அவர் வென்ற பணம் தோற்ற ஐவரின் பணம் என்பதும், அதிலும் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிட்டது என்பதும் இடம்பெறுவதில்லை.

நாடு முழுவதும் ஏறத்தாழ 45 கோடி பேர் ஆண்டுதோறும் 20,000 கோடி ரூபாய் அளவுக்குப் பண ஆட்டங்களில் இழக்கின்றனர் என்பது 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தெரிவித்த மதிப்பீடு. இதனைச் சராசரியாக்கிப் பார்க்கும் மாணவர் வியப்படையலாம். ஒருவருக்கு ஆண்டுக்கு 444 ரூபாய்தான் வருகிறது. அதாவது ஒன்றேகால் நாள் கூலி. இதற்கா இத்தனை ஆரவாரம் என்ற கேள்வி எழுவது இயல்பு. சராசரி என்பது எவ்வளவு ஏமாற்றக் கூடியது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. சிறு தொகை கட்டிச் சில நாளில் விலகிவிடுவோரும், வீட்டு நகையை அடகு வைத்து ஆடுவோரும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றனர். சேதம் பரவலாக இல்லாமல் சில குடும்பங்களின் மீது குவிவதே இப்பிரச்சினையின் தன்மை. குடும்ப வரவு செலவு ஆய்வுகளில் இச்செலவு தனித் தலைப்பில் தெரிய வராது. கடன் என்ற தலைப்பில்தான் வெளிப்படும்.

திறமையா, வாய்ப்பா?

நீதிமன்றங்களில் பல்லாண்டுகளாக விவாதிக்கப்பட்டது வேறொரு வினா. 1867 ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் முதற்கொண்டு, 1930 ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம், 1960 ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் வரை, திறமையால் வெல்லும் ஆட்டங்களுக்கு விலக்களிப்பதே மரபு. 1957 இல் குறுக்கெழுத்துப் போட்டி குறித்த சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் திறமைக்கும் வாய்ப்புக்கும் இடையே கோடு கிழித்தது. 1967 இல் செகந்திராபாத் நகர மனமகிழ் மன்றம் ஒன்று சம்பந்தப்பட்ட சத்தியநாராயணா வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் கொண்டு ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று தீர்ப்பளித்தது.

பின்னாளில் ரம்மி நிறுவனங்கள் இத்தீர்ப்பையே தங்கள் கேடயமாகக் கொண்டன. ஆனால் அதே தீர்ப்பில், மன்றத்தின் உரிமையாளர் பந்தய ஆட்டத்திலிருந்து ஆதாயம் பெறுவதாக நிரூபிக்கப்பட்டால் குற்றம் நிலைபெறக் கூடும் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டிருந்தனர். மேலே காட்டிய 1,954 ரூபாயின் கேள்வி இதுதான். திறமை பற்றிய பகுதி எடுத்தாளப்பட்ட அளவுக்கு ஆதாயம் பற்றிய பகுதி பொது விவாதத்தில் இடம்பெறாதது வருந்தத் தக்கது.

தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டமும், 2021 பிப்ரவரியில் அதற்கு மாற்றாகச் சட்டமும் வந்தன. அதை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கேரளத்தில் 2021 பிப்ரவரி 23 ஆம் நாள் வெளியான அறிவிக்கை, பந்தயம் வைத்து ஆடும் இணையவழி ரம்மிக்குச் சட்ட விலக்கு இல்லை என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 27 இல் கேரள உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. இரு மாநிலங்களும் ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே காரணத்தினால் தோல்வி கண்டன; ரம்மி திறமை ஆட்டம் என்ற நிலைப்பாட்டை அசைக்க முடியவில்லை.

தமிழ்நாடு மீண்டும் முயன்றது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய மசோதா ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, சட்டப்பேரவையில் மறுமுறை நிறைவேறி, 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றபோதிலும், ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆயின் காலம், வயது முதலியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்திடம் நின்றது. அவ்வதிகாரத்தின்படி 2025 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. 18 வயதுக்குட்பட்டோர் பண ஆட்டம் ஆடலாகாது. ஆடுவோர் ஆதார் வழியே அடையாளம் காட்ட வேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை எவரும் ஆடக் கூடாது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவ்விதிகளை ஏற்றுக்கொண்டது. இரவு நேரத் தடை சிறு ஏற்பாடாகத் தோன்றலாம். ஆயினும், வீட்டில் அனைவரும் உறங்கிய பின் இழப்பை மீட்கும் வெறியில் மேலும் பணம் கட்டுவதே பேரிழப்புக்கு வழியாகிறது என்பதை உணர்ந்து வகுக்கப்பட்ட ஏற்பாடு அது.

வரியும் பரிசுச் சீட்டும்

மத்திய அரசு இதற்கிடையில் வரியின் வழியே இத்தொழிலை அணுகியது. வெற்றித் தொகையில் 30 சதவிகிதம் மூலத்திலேயே பிடித்தம் செய்ய 2023 ஏப்ரல் முதல் வகை செய்யப்பட்டது. நிறுவனத்தின் கட்டணத்தின் மீது மட்டும் 18 சதவிகிதம் செலுத்தி வந்த நிலை மாறி, 2023 அக்டோபர் முதல் ஆடுபவர் கட்டும் முழுத் தொகையின் மீதும் 28 சதவிகிதச் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. இவ்வரி 2025 செப்டம்பரில் 40 சதவிகிதமாக உயர்ந்தது. புகையிலைக்கு வரி கூடினால் விலை கூடும், வாங்குபவர் தயங்குவார். இங்கோ சில நிறுவனங்கள் வரித் தொகையை ஊக்கத் தொகையாக ஆடுபவர் கணக்கில் திரும்ப வைத்தன. ஆடுபவரால் உணரப்படாத வரி அவரைத் தடுக்கும் ஆற்றல் அற்றது. பொது நிதி மாணவர் நினைவில் கொள்ளத் தக்க எடுத்துக்காட்டு இது.

ஆட்டத்திலிருந்து வருவாய் பெறுவதில் அரசுகளும் பின்தங்கியவை அல்ல. நாட்டிலேயே முதன்முதலாக 1967 இல் அரசுப் பரிசுச் சீட்டைத் தொடங்கியது கேரளம்தான். ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு முதற் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாடும் 1968 இல் அவ்வழியில் சென்று, 2003 இல் அதனைக் கைவிட்டது. கேரளத்தில் இன்றும் அது நடைபெறுகிறது. ஏழைகளும் மாற்றுத் திறனாளிகளும் அதை விற்றுப் பிழைக்கின்றனர். பரிசுச் சீட்டை நடத்தும் மாநிலம் ரம்மியைத் தடுக்கலாமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தாளில் அச்சிட்ட சீட்டுக்கு விலை நிலையானது. குலுக்கலுக்கு நேரம் குறிக்கப்பட்டுள்ளது. மாலையானால் விற்பவர் வீடு திரும்புவார். தோற்றவர் மறு நிமிடமே அடுத்த சீட்டை வாங்கித் தோல்வியை ஈடுகட்ட முயல இடமில்லை. கைபேசி ஆட்டத்திற்கு இந்த இடைவெளி கிடையாது.

2025 ஆம் ஆண்டுச் சட்டம்

2025 ஆகஸ்ட் 20 இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா வாய்ப்பா என்ற பழைய வினாவையே ஒதுக்கி வைத்தது. பணம் கட்டி, பண ஆதாயம் எதிர்பார்த்து ஆடுவது எதுவாயினும் அது இணையவழிப் பண ஆட்டமே. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விளம்பரம் செய்வோர்க்கு ஈராண்டு, 50 லட்சம். ஆட்டத்திற்குப் பணம் செலுத்த வழி செய்யும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதன் வரம்பிற்குள் வருகின்றன. ஆடுபவர்க்குத் தண்டனை இல்லை. அவர் பாதிக்கப்பட்டவர் என்பதே சட்டத்தின் பார்வை.

சட்டம் வந்த சில நாட்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த நிறுவனமும் அவ்விடத்தைத் துறந்தது. தங்கள் தொழிலுரிமை பறிபோனதாக நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34 ஆம் இனமாக இருக்க, மத்திய அரசு சட்டம் இயற்றலாமா என்பதும் வழக்கின் ஒரு பகுதி.

தடையால் வேலை இழந்தோர் உண்டு. வரி வருவாயும் குறையும். இவற்றைக் காட்டிலும் கவலைக்குரியது, வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் வெற்றிடத்தில் புகுவதே. 2022 முதல் 2025 வரை இத்தகைய தளங்கள் 1,400 க்கும் மேற்பட்டவற்றை முடக்க மத்திய அரசு ஆணையிட்டது. ஒன்றை மூடினால் பெயர் மாற்றி மற்றொன்று வருகிறது. தளத்தைத் துரத்துவதைவிடப் பணம் செல்லும் வாய்க்காலை அடைப்பதே பயன் தரும் என்பதால், சட்டத்தில் வங்கிகள் பற்றிய பிரிவே மிகுந்த வலுவுடையது என்று கருத இடமுண்டு.

குடும்பத்தை எட்டும் வழிகள்

அளவு மீறிய விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. அவ்வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிள்ளைகளை இப்பழக்கத்திலிருந்து மீட்பதற்குக் கேரளக் காவல் துறை 2023 இல் டி-டாட் என்னும் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலும் ஒன்று உண்டு. மலைத்தோட்டத் தொழிலாளி ஒருவர் பேருந்து ஏறி அங்கு வருவதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். புல்லம்பாறையில் வங்கி வாசலில் கண்ட அதே நிலைதான். எனவே ஆலோசனையும் கணக்கும் குடியிருப்புக்கே செல்ல வேண்டும். 1998 முதல் இயங்கும் குடும்பஸ்ரீ அண்டை வீட்டார் குழுக்கள் சேமிப்பையும் கடனையும் கூட்டத்தில் கணக்குப் பார்ப்பவை. ஆறு பேர், 3,000 ரூபாய், பத்துச் சுழற்சி என்ற கணக்கை அக்கூட்டத்தில் ஒரு தாளில் போட்டுக் காட்ட அரை மணி நேரம் ஆகாது. டிஜிட்டல் எழுத்தறிவுப் பாடத்தில் இதற்கு ஓர் இடம் அளித்தால் கூடுதல் செலவும் ஏற்படாது.

அக்கூட்டத்திலேயே சட்ட நிலையையும் விளக்கிச் சொல்ல வேண்டும். இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அனுப்பிய பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. ஆட்டத்தில் தோற்றது அப்படியன்று. அது தன் விரலால் தானே அனுப்பிய பணம். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30 ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்ற தொகையை வழக்கிட்டுப் பெற இயலாது. ஆடுவதற்கென வாங்கிய கடன் மட்டும் கடனாகவே நிற்கும். அதற்கு வட்டியும் உண்டு.